மணலுக்கும் மட்டைக்கும் நடுவே: ‘மதிப்புக் கூட்டல்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தல்

மன்னார்த் தீவின் கனிய மணல் பற்றிக் கொழும்பில் யாருடன் பேசினாலும் உரையாடல் ஒரு கட்டத்தில் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கிறது. “தோண்டுவது பிழையில்லை, மணலாக விற்பதுதான் பிழை. பொருளாகச் செய்து விற்க வேண்டும்.” அரச அதிகாரி இதைச் சொல்கிறார். வர்த்தகக் கூட்டங்களில் மேடையேறுபவர் சொல்கிறார். வெள்ளவத்தைத் தேநீர்க் கடையில் பத்திரிகையை விரித்து வைத்திருப்பவரும் சொல்கிறார். அதன்பின் ஒரு பட்டியல் வரும்: விமானப் பாகம், செயற்கை இடுப்பெலும்பு, கைத்தொலைபேசிச் சட்டகம், கோல்ப் மட்டை.

இந்தப் பட்டியலில் ஒன்றையாவது அடியிலிருந்து நுனிவரை பின்தொடர்ந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. விமானப் பாகம் சாத்தியமில்லை. அது இராணுவ இரகசியங்களும் சான்றிதழ்களும் நிறைந்த உலகம். இடுப்பெலும்பு மருத்துவக் கட்டுப்பாடுகளுக்குள் அடங்கியது. கோல்ப் மட்டை அப்படியல்ல. அது கடையில் விற்கிற பொருள், விலை ஊரறிந்தது, செய்முறை பல நூல்களில் எழுதப்பட்டது. டைட்டேனியத்தால் ஆன பொருட்களில் சாதாரண மனிதர் ஒருவர் காசு கொடுத்து வாங்கிக் கையில் தூக்கிப் பார்க்கக் கூடியவை குறைவு. இது அவற்றில் ஒன்று. “பொருளாகச் செய்து விற்போம்” என்ற வாக்குறுதி எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை இதில் வைத்துச் சோதிக்கலாம்.

சோதிக்க வேண்டிய தேவையும் இருக்கிறது. 2025 ஓகஸ்டில் மன்னார் நகரில் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் நாட்கணக்கில் வீதியில் இருந்தார்கள். காற்றாலைப் பணிகளை ஒரு மாதம் நிறுத்தி வைப்பதாக ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அப்போது அறிவித்தார். தலைப்புச் செய்திகள் பெரும்பாலும் காற்றாலையோடு நின்றுவிட்டன. மணல் பின்னால் தள்ளப்பட்டது. ஆனால் அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவான ‘டைட்டேனியம் சான்ட்ஸ்’ என்ற நிறுவனம் பல ஆண்டுகளாகத் தீவின் மணலைத் துளையிட்டு அளந்து, முதலீட்டாளர்களுக்கு அறிக்கை வெளியிட்டு வருகிறது. காற்றாலையை வேண்டுமானால் கழற்றிக்கொண்டு போகலாம். தோண்டிய மணலைப் பழையபடி அடுக்க முடியாது.

முதலில் மட்டை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நீண்ட தூரம் அடிக்கும் கோல்ப் மட்டையின் தலை மரத்தால்தான் செய்யப்பட்டது. அமெரிக்கப் ‘பெர்சிமன்’ மரம். அது நம்மூர்க் கருங்காலியின் நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். பிரித்தானியர் 1879இல் கொழும்பில் கோல்ப் கழகம் தொடங்கிக் காலிமுகத்திடலில் ஆடியபோது அவர்கள் கையில் இருந்ததும் மரத்தலைதான். (அந்தக் கழகம் பிறகு பொரளைப் பக்கம் போனது. இன்றும் களனிவெளி ரயில் அந்தத் திடலின் ஊடாகத்தான் ஓடுகிறது. ரயில் வந்தால் ஆட்டம் காத்திருக்கும்.) 1979இல் அமெரிக்காவில் கேரி ஆடம்ஸ் என்பவர் ‘டெய்லர்மேட்’ நிறுவனத்தைத் தொடங்கித் துருப்பிடிக்காத உருக்கில் உள்ளே வெறுமையாக வார்த்த தலையைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். உருக்கு ஊரான பிட்ஸ்பர்க்கின் பெயரைச் சேர்த்து அதைப் ‘பிட்ஸ்பர்க் பெர்சிமன்’ என்று அழைத்தார்கள். 1991இல் கல்லவே நிறுவனத்தின் ‘பிக் பேர்த்தா’ உருக்கிலேயே தலையைப் பெரிதாக்கியது. 1995இல் அதன் அடுத்த வடிவம் டைட்டேனியத்தில் வந்தது.

டைட்டேனியம் ஏன்? காரணம் எளிது. உருக்கின் அடர்த்தி ஏறத்தாழ 7.8, டைட்டேனியத்தின் அடர்த்தி 4.5. தலை ஏறத்தாழ 200 கிராமுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீச்சின் வேகம் குறையும். அதே 200 கிராமில் டைட்டேனியத்தைக் கொண்டு பெரிய குடுவை ஒன்று செய்யலாம், வலிமையும் குறையாது. தலை பெரிதானால் பந்து நடுவில் படாவிட்டாலும் திசை அதிகம் கெடாது. குடுவை பெருத்துக்கொண்டே போனதால் 2004இல் 460 கன சென்ரிமீற்றர் என்று விதிமுறையில் எல்லை போட வேண்டி வந்தது.

இனிச் செய்முறை. உலோகத் தலை செய்ய முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு: அடித்தல், வார்த்தல். கட்டியிலிருந்து கணினி இயந்திரத்தால் கடைந்தெடுப்பதும் உண்டு. பந்தை மெல்லத் தட்டும் ‘பட்டர்’ மட்டைகளில் விலை கூடியவை அப்படி வருகின்றன. அண்மைக் காலத்தில் உலோகத் தூளை அடுக்கி அச்சிடும் முறையும் சேர்ந்திருக்கிறது. இவை இரண்டும் இன்னும் சிறு பங்குதான்.

அடித்தல் என்பது கொல்லன் உலைக்களம் பெரிதானது போன்ற வேலை. கரிமம் குறைந்த மென்மையான உருக்குத் தண்டைச் செஞ்சூட்டுக்குக் கொண்டு வந்து, அச்சுக்குள் வைத்துப் பல நூறு தொன் அழுத்தத்தில் இரண்டு மூன்று தடவை அறைவார்கள். பிதுங்கிய விளிம்பை வெட்டி, அரைத்து, எடை பார்த்து, மேலே நிக்கலும் குரோமியமும் பூசுவார்கள். ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் ஹிமேஜியும் இச்சிகாவாவும் இதற்குப் பெயர் போன ஊர்கள். வாளும் விவசாயக் கருவியும் அடித்த கைகள் 1930களில் கோல்ப் இரும்புகளுக்குத் திரும்பின. அங்கே சுரங்கம் எதுவும் இந்தத் தொழிலைக் கொண்டு வரவில்லை.

வார்த்தல் வேறு கதை. இதைப் புரிந்துகொள்ள நான் தொழிற்சாலைக்குப் போகவில்லை, கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் முனை கழன்ற ஏழாம் இலக்க இரும்புத் தலை ஒன்று கிடைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் நகைப் பட்டறைக்குப் போனேன். செட்டியார் தெருக் கடைகளுக்கு மோதிரமும் பதக்கமும் வார்த்துக் கொடுக்கிற சிறிய இடம். அந்தப் பத்தர் கண்ணாடியைக் கண்ணில் வைத்து உலோகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கக் குழிக்குள் இருந்த எழுத்துகளின் விளிம்பை நகத்தால் தடவினார்.

“இது அடிச்சதில்லைப் பிள்ளை. மெழுகிலை வந்தது.”

“எப்படி அண்ணை தெரியும்?”

“அடிச்சால் குழிக்குள்ளை எழுத்து இப்பிடி நிக்காது. மெழுகுதான் மூலையெல்லாம் போய்ப் படுக்கும்.”

தராசில் வைத்தார். 268 கிராம். “முப்பத்து மூண்டரைப் பவுண்” என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சொன்னது சரி. 1969இல் ‘பிங்’ நிறுவனத்தின் கார்ஸ்டன் சொல்ஹைம் தன் இரும்பு மட்டைகளை மெழுகு வார்ப்பில் செய்யத் தொடங்கினார். பின்னால் குழி விழுத்தி, எடையை ஓரங்களுக்குத் தள்ளும் வடிவம் அடித்தலில் எளிதாக வராது, மெழுகில் வரும். இன்று சந்தையில் இருக்கும் பெரும்பாலான தலைகள் மெழுகு வார்ப்புத்தான்.

பட்டறையில் நான் பார்த்த வேலையின் ஒழுங்கு இது. மாதிரியைச் சுற்றி இறப்பர் அச்சு எடுக்கிறார்கள். அதற்குள் உருகிய மெழுகை அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். வெளியே வரும் மெழுகு மோதிரங்களை ஒரு நடுத்தண்டில் கிளை கிளையாக ஒட்டுகிறார்கள். அதற்குப் பெயரே மரம்தான். மரத்தை உலோகக் குவளைக்குள் நிறுத்தி, நீரில் கரைத்த வார்ப்புச் சுண்ணத்தை ஊற்றி, காற்றுக் குமிழி போக வெற்றிடத்தில் வைத்து இறுகவிடுகிறார்கள். பிறகு இரவு முழுவதும் சூளை. மெழுகு உருகி ஓடி எரிந்து போக, உள்ளே மரத்தின் வடிவில் வெற்றிடம் மிஞ்சும். அதற்குள் பொன்னை ஊற்றுகிறார்கள். கோல்ப் தலைத் தொழிற்சாலையிலும் இதே வரிசைதான்: மெழுகு, மரம், கூடு, சூளை, ஊற்று, உடைத்தெடுப்பு, வெட்டு, அரைப்பு, மெருகு. பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்துக் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கல நடராசர்களும் மெழுகின் வழியே வந்தவர்கள்தான்.

வேறுபாடு கூட்டில் இருக்கிறது. பொன் ஏறத்தாழ 1,060 பாகையில் உருகும்; நகைச் சுண்ணம் அதைத் தாங்கும். உருக்கை 1,600 பாகை அளவில் ஊற்ற வேண்டும். அந்தச் சூட்டில் சுண்ணம் சிதைந்துவிடும். அதனால் மெழுகு மரத்தை மட்பாண்டக் கூழில் தோய்த்து, மேலே மணல் தூவி, காயவிட்டு, மறுபடி தோய்த்து ஆறேழு அடுக்குக் கூடு கட்டுவார்கள். உலோகத்தைத் தொடும் முதல் அடுக்குக்குப் பரவலாகப் பயன்படுவது சிர்கோன் மா. சிர்கோன் புல்மோட்டை மணலில் இருக்கிறது. புல்மோட்டை என்றவுடன் எல்லோரும் இல்மனைட்டைப் பற்றிப் பேசுகிறார்கள், டைட்டேனியத்தைக் கனவு காண்கிறார்கள். அதே மணலில் இருந்து பிரியும் சிர்கோனை வார்ப்பு மாவாக அரைக்கும் வேலைக்கு வெற்றிட உலை வேண்டாம், குளோரின் வேண்டாம், அரைக்கும் ஆலையும் தரப் பரிசோதனையும் போதும். மதிப்புக் கூட்டல் என்று மேடையில் முழங்குபவர்கள் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. மா விற்கிறோம் என்றால் தலைப்புச் செய்தி ஆகாது போலும்.

டைட்டேனியத் தலைக்கு வேலை இன்னும் ஒரு படி கடினமாகும். அது 1,668 பாகையில் உருகுகிறது என்பது மட்டும் பிரச்சினையில்லை. உருகிய டைட்டேனியம் காற்றிலுள்ள ஒட்சிசனையும் நைதரசனையும் விழுங்கி நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். ஊற்றுகிற பாத்திரத்தையே அரிக்கும். ஆகவே வெற்றிடத்துக்குள், நீரால் குளிர்விக்கப்படும் செப்புக் கலத்தில், மின்தூண்டலால் உருக்கி, கூட்டைச் சுழற்றிக்கொண்டே ஊற்றுகிறார்கள். சுவர் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்பு என்பதால் சுழற்றினால்தான் உலோகம் மூலைவரை போகும். பந்தைச் சந்திக்கும் முகம் தனித் தகடாகச் செய்யப்பட்டு, முன்பக்கத்தில் லேசர் அல்லது பிளாஸ்மாவால் ஒட்டப்படும். வெளிப்பரப்பில் கடினமாகிப் போன தோலை அமிலத்தில் கரைத்து எடுக்க வேண்டும். இவ்வளவும் செய்து வரும் தலை வெள்ளைப் பந்தொன்றை அடிக்கப் போகிறது என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

சரி, மணல் எங்கே உலோகமாகிறது? வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புக்குப் போகும் எந்தப் பிள்ளையையும் கேட்கலாம், சொல்லும். ரூட்டைல் கனியத்தைக் கற்கரியோடு சூடாக்கிக் குளோரின் வாயுவைச் செலுத்தினால் டைட்டேனியம் நாற்குளோரைட்டு. அதைச் சுத்திகரித்து ஒட்சிசனோடு எரித்தால் வெண்மையான டைட்டேனியம் ஈரொட்சைட்டு. இரசாயனவியல் பாடத்திட்டத்தின் கைத்தொழில் அலகில் இது இருக்கிறது. காலி வீதியின் இருபுறமும் உள்ள ஒழுங்கைகளில் மாலை வேளையில் நடந்தால், ஏதாவது ஒரு மாடியில் இந்தச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தொழிற்சாலை இந்த நாட்டில் இல்லை. இல்லாத தொழிற்சாலையின் சமன்பாட்டைச் சமன்படுத்திப் புள்ளி வாங்கி, பிள்ளைகள் பொறியியல் பீடம் போய், பிறகு மெல்பேர்ணுக்கும் ரொறன்ரோவுக்கும் போகிறார்கள்.

பாடத்திட்டம் நிறுத்தும் இடத்தில் உலோகம் இன்னும் வரவில்லை. அந்த நாற்குளோரைட்டை உருகிய மக்னீசியத்தோடு மூடிய கலத்தில் வினைபுரிய விட்டு, நாட்கணக்கில் சூடாக்கி ஆறவிட்டு, கலத்துக்குள் ஒட்டியிருக்கும் துளைத் துளையான உலோகத்தை உடைத்து எடுக்க வேண்டும். அதற்குப் பஞ்சு என்று பெயர். வில்லியம் குரோல் கண்டுபிடித்த இந்த முறை 80 ஆண்டுகளுக்கு மேலாகியும் மாறவில்லை. பஞ்சை அழுத்தி, வெற்றிட மின்வில் உலையில் ஒரு தடவையாவது உருக்கினால்தான் கட்டி. ஒரு கிலோ அலுமினியத்துக்குத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு சக்தி இதற்கு வேண்டும். 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருளில் இருந்த நாடு நாம் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். உலகில் தோண்டப்படும் டைட்டேனியக் கனியத்தில் 90 சதவீதத்துக்கு மேல் உலோகமாவதே இல்லை. அது வெள்ளை நிறமியாகிறது: சுவர்ப் பூச்சு, காகிதம், பிளாஸ்டிக், பற்பசை. புல்மோட்டையில் கப்பலேறும் மணலின் கதியும் பெரும்பாலும் சுவருக்குப் பூசும் வெள்ளைதான். விமானமும் கோல்ப் மட்டையும் எஞ்சிய சிறு பங்குக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன.

ஆனாலும் கணக்கு மயக்கும். இல்மனைட்டின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டைட்டேனியம். ஒரு தொன்னில் 300 கிலோ. ஒரு தலைக்கு 200 கிராம் என்றால் 1,500 தலைகள். பாதி வீண்போனாலும் 750. புது மட்டை ஒன்று அமெரிக்காவில் சுமார் 600 டொலர். ஆக, சில நூறு டொலருக்கு விற்கும் ஒரு தொன் மணல் 450,000 டொலர்! இப்படி ஒரு கணக்கை யாராவது உங்களுக்குப் போட்டுக் காட்டினால் உடனே கேளுங்கள்: அந்த 600 டொலரில் மணலின் பங்கு எவ்வளவு? கடைக்காரர், விளம்பரம், போட்டியில் அந்த மட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வீரருக்கான ஒப்பந்தம், வடிவமைப்பு, தண்டு, பிடி எல்லாம் போக வார்ப்பாலைக்கு மிஞ்சுவது சிறு துண்டு. வார்ப்பாலை கட்டியை வாங்குகிறது, கட்டி செய்பவர் பஞ்சை வாங்குகிறார், பஞ்சு செய்பவர் நாற்குளோரைட்டை, அவர் கனியத்தை. மணலுக்கு வந்து சேரும்போது சதங்கள்தான். ‘புதையல்’ என்று தலைப்புப் போடும் எங்கள் வணிகப் பக்கங்கள் இந்தச் சங்கிலியை ஒருபோதும் விரித்துக் காட்டுவதில்லை. முதல் விலையையும் கடைசி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நடுவில் இருப்பதை விழுங்கிவிடுகின்றன.

நடுவில் இருப்பவர்கள் யார்? கோல்ப் தலை வார்ப்பில் பல தசாப்தங்களாகத் தாய்வான் நிறுவனங்களே முன்னணி. புஷெங் என்ற நிறுவனம் காற்றழுத்தி இயந்திரம் செய்து வந்தது. அதுவே உலகின் மிகப் பெரிய கோல்ப் தலை உற்பத்தியாளர்களில் ஒன்றாயிற்று. ஓ-டா பிரிசிஷன் இன்னொன்று. கூலி ஏறியபோது இவர்கள் குவாங்டொங்குக்கும், பிறகு வியட்நாமுக்கும் ஆலைகளை நகர்த்தினார்கள். தாய்வானின் இந்தத் தொழில் உள்ளூர் டைட்டேனிய மணலில் முளைத்ததல்ல. அவர்களிடம் இருந்தது மெழுகு வார்ப்புத் தெரிந்த சிறு பட்டறைகள், கருவி செய்யும் ஆட்கள், மாதிரி கேட்டால் குறித்த நாளில் கொடுக்கும் ஒழுங்கு. மணல் இருந்ததால் மட்டை வந்த ஊர் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

மணல் இருந்து உலோகம் வரை போன ஊர் ஒன்று அருகில் உண்டு. கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துச் சவறை. இந்திய விண்வெளித் துறையின் பணத்திலும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் தொழில்நுட்பத்திலும் அங்கே 2011இல் டைட்டேனியப் பஞ்சு ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 500 தொன். இந்தியா அளவான நாட்டுக்கு, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கடற்கரை மணல் தோண்டிய கரையில், அரசே வாங்குபவராகவும் இருந்து, கிடைத்தது 500 தொன் ஆலை. அது ரொக்கெட்டுக்காக, சந்தையில் இலாபம் பார்க்க அல்ல. திருவனந்தபுரத்தில் 1946இல் தொடங்கிய டைட்டேனிய நிறமி ஆலை பல தசாப்தங்களாக அமிலக் கழிவைக் கடலில் விட்டு மீனவரோடு முட்டிக்கொண்டது இந்தக் கதையின் மறுபக்கம். ஒவ்வொரு தொன் நிறமிக்கும் பின்னால் இரும்பும் அமிலமும் கலந்த கழிவு எங்காவது போக வேண்டும். மன்னாரில் எங்கே போகும்? கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் தீவு, இரு பக்கமும் மீன்பிடி, மணலுக்குள் மெல்லிய நன்னீர்ப் படை.

நம்முடைய சொந்த வரலாற்றையும் மறந்துவிட்டுப் பேசுகிறோம். இலங்கைக் கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் உருவானது. அதே காலத்தில்தான் பரந்தன் இரசாயனக் கூட்டுத்தாபனமும் வந்தது. கிளிநொச்சியில் உப்புக் கரைசலை மின்பகுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள். காங்கேசன்துறையில் சீமெந்து, வாழைச்சேனையில் காகிதம், புல்மோட்டையில் மணல், பரந்தனில் குளோரின். வெள்ளவத்தை வகுப்பறைகளில் எழுதப்படும் சமன்பாட்டின் இடது பக்கத்தில் வரும் கனியமும் குளோரினும் ஒரு காலத்தில் வடக்கு கிழக்கிலேயே இருந்தன. இணைக்கப்படவில்லை. பிறகு யுத்தம் வந்தது. பரந்தன் ஆலை 1980களில் மூடிச் சிதைந்தது. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக் கரையில் மணல் ஏற்றிக்கொண்டிருந்த ‘கோர்டியாலிட்டி’ கப்பல் விடுதலைப் புலிகளால் தாக்கப்பட்டது, சீனக் கடலோடிகள் இறந்தார்கள், ஏற்றுமதி நின்றது. இன்று பரந்தனின் பெயரைத் தாங்கிய அரச கம்பனி குளோரினை இறக்குமதி செய்து குடிநீர் சுத்திகரிப்புக்கு விற்கிறது. ஆலையை மீளத் தொடங்கும் பேச்சு இப்போது மறுபடி எழுந்திருக்கிறது, நல்லது. ஆனால் பல தசாப்தங்களாகப் புல்மோட்டையில் அரசு செய்துவருவது கழுவல், காந்தத்தால் பிரித்தல், மின்புலத்தால் பிரித்தல், கப்பல். அதற்கு மேல் ஒரு படிகூட ஏறவில்லை. எல்லா அரசாங்கங்களும் மதிப்புக் கூட்டல் பேசின.

இதை நான் வெறுப்பில் சொல்லவில்லை. புல்மோட்டையில் அந்த வேலையை நம்பியிருக்கும் குடும்பங்கள் உண்டு, பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். பிரச்சினை, அங்கே நிறைவேற்றப்படாத வாக்குறுதியை வைத்தே மன்னாரில் புதிதாக அனுமதி கேட்கப்படுவது. அதுவும் அரச கூட்டுத்தாபனம்கூட அல்ல, வெளிநாட்டுப் பங்குச் சந்தை நிறுவனம். அதன் பங்குதாரர்களுக்கு இலாபம் மணலைச் செறிவாக்கி விற்பதில் இருக்கிறது. இலங்கையில் பஞ்சு ஆலை கட்டும் கடப்பாடு அதற்கு எங்கிருந்து வரும்?

தொழில்நுட்பமும் காத்துக்கொண்டிருக்கவில்லை. 2022இல் டெய்லர்மேட் தன் புது மட்டையின் முகத்தையே டைட்டேனியத்திலிருந்து கார்பன் நாருக்கு மாற்றிவிட்டது. தலையின் மேல்மூடி அதற்கு முன்பே பல நிறுவனங்களில் கார்பனாகிவிட்டது. நாம் அனுமதி, ஆய்வு, முதலீடு, ஆலை என்று 15 ஆண்டு நடந்து போய்ச் சேரும்போது அந்தப் பட்டியலில் இருந்து கோல்ப் மட்டை பாதி கழன்றிருக்கும்.

அப்படியானால் ஒன்றுமே முடியாதா? இதற்கு என் பதில், தேடும் இடம் பிழை என்பதுதான். தாய்வானின் கதை மணலில் தொடங்கவில்லை, பட்டறையில் தொடங்கியது. கொழும்பில் மெழுகு வார்ப்புத் தெரிந்த கைகள் செட்டியார் தெருவைச் சுற்றியும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கின்றன. நீர்க்குழாய்ப் பொருத்து, படகு இயந்திரப் பாகம், பல் வைத்திய வார்ப்பு, அறுவைச் சிகிச்சைக் கருவியின் பிடி: நாம் இறக்குமதி செய்யும் சின்ன உலோகப் பொருட்கள் பல இந்த முறையில் வார்க்கக் கூடியவை. கோல்ப் தலையை விடுங்கள். ஆனால் 2025இல் ஒரு பவுண் மூன்று இலட்சம் ரூபாயைத் தாண்டிய பிறகு நகை வேலையே சுருங்கிவிட்டது. நான் போன பட்டறையில் ஆறு இருக்கைகள், இரண்டில்தான் ஆள். “உருக்கு ஊத்திறதுக்குப் பழக்கித் தர ஆளிருந்தால் பழகலாம்தானே. ஆர் வந்து கேட்டவை?” என்றார் பத்தர். அவரிடம் பயின்ற இளைஞர் ஒருவர் டுபாய்க்கு விசா எடுத்துக்கொண்டிருந்தார். கூடு கட்டும் சிர்கோன் மா இங்கே கிடைக்குமா என்று இரசாயனப் பொருள் விற்கும் வியாபாரி ஒருவரிடம் கேட்டேன். இந்தியாவிலிருந்து எடுத்துத் தரலாம், எத்தனை மூடை வேண்டும் என்று திருப்பிக் கேட்டார்.

வெள்ளவத்தைக்கு இன்னொரு நினைவும் இருக்கிறது, இப்போதைய தலைமுறை மறந்தது. இங்கே பெரிய நூற்பு நெசவு ஆலை இருந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். தொழிற்சங்க வரலாற்றில் அதற்கு இடமுண்டு. அந்த நிலத்தில்தான் இன்று ஹெவ்லொக் சிற்றியின் மாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. பஞ்சும் வெளியே இருந்துதான் வந்தது, துணி இங்கே ஆனது. ஆலையை மூடியபோது போனது மூலப்பொருள் அல்ல, பழகிய கைகள்.

மன்னார் விடயத்தில் இனி வரவேண்டியது சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. தேசிய சுற்றாடல் சட்டப்படி அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டதும் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. நூற்றுக்கணக்கான பக்கங்கள் வரும், பெரும்பகுதி தொழில்நுட்ப மொழியில். ‘மதிப்புக் கூட்டல்’ என்ற சொல் எந்தப் பக்கத்தில் வருகிறதோ அங்கே நிறுத்திச் சிலவற்றைப் பார்க்க வேண்டும். எந்தப் படிவரை இங்கே செய்யப்படும்: செறிவாக்கம் வரையா, செயற்கை ரூட்டைல் வரையா, நிறமி வரையா, உலோகம் வரையா? அதற்கான ஆலை எந்த ஊரில், எவ்வளவு மின்சாரத்தில், எந்த நீரில்? கழிவு எங்கே? செய்யத் தவறினால் அனுமதி ரத்தாகும் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, இல்லை முன்னுரையில் மட்டும் இருக்கிறதா? அறிக்கையின் தமிழ்ப் பிரதி மன்னார் பிரதேச செயலகத்தில் முதல் நாளே இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பத்தாம் நாள் வந்தால் மிச்சம் 20 நாட்கள்தான்.